பிஜிக்காரரின் பன்னிரண்டு வெள்ளைச் சட்டை

ஒரு மனிதனின் உண்மையான குணம் தெரிய வேண்டுமென்றால் அவனுடைய சிநேகிதரை விசாரிக்கத் தேவையில்லை, அவனுடைய சொக்ஸைத் தோய்க்கிறவளை விசாரித்தால் போதும். மெஷினுக்கு முன்னால் நின்று, எப்போதடா நிற்கும் என்று அந்த வட்டக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வாழ்நாளில் பாதியைக் கழித்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வீட்டில் சும்மா தோய்க்கிறீர்கள், நான் சம்பளத்துக்குத் தோய்த்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு கல்லூரி விடுதியின் சலவை அறை. கோடையில் மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுவார்கள். எனக்கு மூன்று மாதம் பார்த்துத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்றாவது மாதத்தின் கடைசிக் கிழமையில், சின்னப் போட்டியொன்றில் விளையாட பிஜி நாட்டின் எழுவர் றக்பி அணி வந்து இறங்கியது. வேலை நிரந்தரமானால் காலை எட்டிலிருந்து நாலு மணி வரை. பகலில் மகளைப் பார்த்துக்கொள்கிற கார்டெறி மூடமுதல் போய்க் கூட்டிவரலாம். இல்லையென்றால் பழையபடி பெட்டி அடுக்குகிற பக்டரியில் பின்னேர வேலை. நான் வீட்டுக்கு வர அவள் நித்திரை, அவள் வெளிக்கிட நான் நித்திரை. அந்த அருமையான ஏற்பாட்டில் ஆறு மாதம் இருந்ததில், மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு நாள் என்னை "மதாம்" என்று கூப்பிட்டாள்.

மண்புழு

மதாம் லிசெற் எங்கள் மேற்பார்வையாளர். முப்பது வருடச் சலவை அனுபவம். சுவரில் பதினொரு விதிகளைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு மாட்டியிருந்தார். முதலாம் விதி, பொக்கற்றைப் பார். இரண்டாம் விதி, வெள்ளையோடு வெள்ளை. மூன்றாம் விதி, மெஷினை அரைவாசியில் ஓட்டாதே. ஏழாம் விதி, கயிறு, மரம், வேலி, யன்னல் எதிலும் உடுப்புக் காயப்போடாதே, கட்டடத்தின் அழகு கெடும். கட்டடம் சாம்பல் நிறக் கொங்கிறீற் பெட்டி. அதன் அழகைக் கெடுக்க ஒரு துவாயால் முடியும் என்று நம்புவதற்கே தனி மனத்தைரியம் வேண்டும்.

முதலாம் விதியில் நான் புலி. சாவி, சொக்லேட், சோதனைக்குக் களவாகக் கொண்டுபோன துண்டு எல்லாம் எடுத்திருக்கிறேன். விவசாயம் படிக்கிற ஒரு பெடியனின் காற்சட்டையில் உயிரோடு இரண்டு மண்புழு இருந்தன. அவற்றைக் கடித உறையில் ஈரக் கடதாசியோடு வைத்து, அறை இலக்கம் எழுதி, இரண்டு என்று ரசீதும் எழுதி ஒப்படைத்தேன். இதைப் பார்த்தாவது வேலையை நிரந்தரமாக்குவார் என்று எனக்கு நம்பிக்கை. மதாம் லிசெற் உறையைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்.

"நன்றாகச் செய்தாய். ஆனால் மண்புழுவுக்கு ரசீது தேவையில்லை."

சாரமும் கோட்டும்

பிஜி அணியின் மனேஜர் வயதான, மரியாதையான மனிதர். மேலே கோட்டு, கழுத்தில் ரை. கீழே நன்றாக மடிப்பு வைத்த சாரம், அதுவும் பொக்கற் வைத்தது. அவர்கள் நாட்டில் அதுதான் பெரிய இடத்துக்குப் போகிற உடுப்பாம். எங்கள் சலவைப் படிவத்தில் ஆண் என்றால் காற்சட்டை, பெண் என்றால் பாவாடை. மூன்றாவது பெட்டி இல்லை. நான் யோசித்துப் பாவாடையில் புள்ளடி போட்டேன். அது அயன் பண்ணி, அழகாக மடித்து, நாலாம் மாடியில் தங்கியிருந்த ஒரு பெண்கள் பாடகர் குழுவுக்குப் போய்விட்டது. ஒருத்தி கட்டியும் பார்த்துவிட்டாள், அளவும் சரி.

மனேஜர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். சமையலறை அன்ரன் அண்ணைதான் அன்று முழுக்க அவரைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். திருகோணமலை ஆள், இருபது வருடமாகக் கனடாவில் காற்சட்டையோடு இருப்பவர்.

"பார் தங்கச்சி, சாரத்தில பொக்கற் வைச்சு, கோட்டும் போட்டு, உலகம் முழுக்கச் சுத்துறாங்கள். நாங்கள் வந்து இறங்கின அண்டைக்கே அதைச் சூட்கேசுக்கு அடியில ஒளிச்சு வைச்சிட்டம்."

புரொக்கோலி

இந்த விளையாட்டில் பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். ஏழே நிமிடத்தில் அவர்கள் பூசிக்கொண்டு வருகிற சேற்றை எடுக்க எனக்கு இரண்டு மணித்தியாலம். இதில் யார் சர்வதேச வீரர் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். போதாக்குறைக்கு, அவர்களுடைய சட்டை தும்பைப்பூ வெள்ளை. நெஞ்சில் ஒரு தென்னைமரம். இரண்டு பையில் வந்த சட்டைகளில் ஒரு பை விமானத்தில் தவறி, எந்த நாட்டில் என்று தெரியாமல் தனியாகச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. ஆகவே மாற்று ஆட்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டே சட்டை.

அந்தப் பன்னிரண்டில் ஆகப் பெரியவன் பெனி. கதவால் வருகிறபோது வெளிச்சம் நின்றுவிடும். என்னை விட இரண்டு வயது இளமை என்று சொன்னதால் நான் அவனைத் "தம்பி" என்றேன், அர்த்தம் கேட்டுக்கொண்டு அவனும் என்னை "அக்கா" என்றான். ஊருக்கு எடுக்க எந்தப் போன் காட் நல்லது என்று கேட்டான். இதில் நாங்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லவா? மூன்று மணித்தியாலம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அரை மணித்தியாலம், ஒன்றும் போடாவிட்டால் ஒரு மணித்தியாலம் என்று விளக்கி, சந்தி டெப்பனர் கடையில் நல்ல காட்டாக ஒன்று வாங்க வைத்தேன். அடுத்த நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மா விளையாட்டைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல, அக்கா. என்ன சாப்பிட்டனி எண்டு கேட்டா. அவிச்ச புரொக்கோலி எண்டன். அழத் தொடங்கினா, காட் முடியும்வரைக்கும் அழுதா."

முழு மெஷின்

இதைக் கேட்ட அன்ரன் அண்ணைக்கு மனம் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கோழிக்கறியும் ரொட்டியும் போட்டார். பிஜியில் இந்தியர்கள் நிறையப் பேர், கறியும் ரொட்டியும் அங்கே எல்லா வீட்டுச் சாப்பாடாம். பன்னிரண்டு பேரும் சட்டியை வழித்துவிட்டு, எழுந்து நின்று நாலு குரலில் ஒரு தேவாரம் மாதிரிப் பாடினார்கள். கிறிஸ்தவ வேதக்காரரான அன்ரன் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சமையலறையில் பலசரக்கு என்றால் உப்பும் மிளகும்தான். மிளகே அங்குள்ளவர்களுக்கு ஒரு துணிச்சல். அதனால் மஞ்சள்தூளை அண்ணை வீட்டிலிருந்து ஒரு பைக்கற்றில் கட்டி, ஏப்ரன் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிவார்.

சனிக்கிழமை காலை இரண்டு ஆட்டம் வென்று, மத்தியானம் பன்னிரண்டு சேற்றுச் சட்டையும் என் கைக்கு வந்தன. பன்னிரண்டு சட்டைக்கு மெஷின் பாதிதான் நிரம்பும். மூன்றாம் விதி ஞாபகம் வந்தது. பக்கத்தில் சமையலறை ஏப்ரன்கள், எல்லாம் வெள்ளை. இரண்டாம் விதியும் சரி. முதலாம் விதி? வெளியாரின் பொக்கற்றென்றால் பார்க்கலாம். அன்ரன் அண்ணை எங்கட ஆள்தானே என்று அள்ளிப் போட்டேன். மண்புழுவுக்குக் காட்டிய கவனத்தை நான் சொந்தக்காரனுக்குக் காட்டவில்லை.

மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தபோது பன்னிரண்டு சட்டையும் ஆரத்தித் தட்டு நிறத்தில் இருந்தன. அடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் எதிரணியின் சட்டை செம்மஞ்சள். நிறம் மோதினால் இவர்களுக்குப் போட்டி நடத்துகிறவர்கள் வைத்திருக்கிற பச்சைப் பனியன்தான், அதில் தென்னைமரமும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கென்றால் பெட்டி அடுக்குகிற பக்டரி. அன்ரன் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து, ஏப்ரனை எடுத்து, பொக்கற்றுக்குள் கையை விட்டார்.

"ஐயோ தங்கச்சி, நேற்றுத்தான் உடைச்ச புதுப் பைக்கற்!"

மற்றப் பக்கம்

அழுவதற்கு நேரமில்லை. சமையலறை வினாகிரியில் அலசினேன், சிவப்பு இறங்கி மஞ்சள் ஆனது. பிளீச் போட்டால் நெஞ்சிலிருக்கிற தென்னைமரமும் பட்டுப்போகும். மஞ்சள் பயப்படுவது வெயிலுக்கு மட்டும்தான், கறி வைக்கிற எந்தப் பொம்பிளைக்கும் தெரியும். வெளியில் ஆடி மாத வெயில் கொளுத்துகிறது, எட்டு மணிக்கு மேலும் நிற்கும். ஆனால் ஏழாம் விதி.

மனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சட்டையைக் கையில் எடுத்து, தென்னைமரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெனிதான் சுவரில் இருந்த விதியை எழுத்துக்கூட்டி என்னிடம் அர்த்தம் கேட்டு வாசித்துவிட்டு, "கயிறு, மரம், வேலி, யன்னல். ஆள் எண்டு போடேல்லயே, அக்கா?" என்றான்.

ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு பேரும் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு புல்தரையில் வரிசையாகக் குப்புறப் படுத்துவிட்டார்கள். காய்ந்தால் நான் வாளியோடு போய்த் தண்ணீர் தெளிப்பேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அன்ரன் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்து, தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்பவர் போல, "மற்றப் பக்கம்!" என்று கத்துவார். பன்னிரண்டு மலைகள் ஒன்றாகப் புரளும், திரும்பவும் பாட்டுத் தொடங்கும். நாலு மணிபோல மதாம் லிசெற் வாசலில் வந்து நின்றார். அன்ரன் அண்ணை முந்திக்கொண்டு, "வெயில் காயினம் மதாம், அவையின்ர ஊர்ப் பழக்கம்" என்றார். மதாம் லிசெற் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

"ஈரச் சட்டையோடா?"

கக்கம்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று இவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அணி வட்டமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்தது. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் வெள்ளை. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன், தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை. நடுவர் இரண்டு அணியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, தலையாட்டினார். நான் இவரின் கையைக் கிள்ளியது அவருக்கு இன்றைக்கும் ஞாபகம்.

முதல் பந்தைப் பெனி கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினான். அப்போதுதான் கண்டேன். படுத்துக் கிடந்தபோது வெயில் படாத ஒரே இடம். பிறகு யார் ஓடினார், யார் விழுந்தார் ஒன்றும் தெரியாது. கடவுளே கையைத் தூக்காதேங்கோ என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கேட்பாரா? வென்று தொலைத்தார்கள். கோப்பையோடு பன்னிரண்டு பேரும் கையைத் தூக்க, இருபத்துநாலு கக்கமும் மஞ்சளாக மின்ன, படம் எடுத்தார்கள். என் மகள் சந்தோஷம் தாங்காமல் கை தட்டினாள்.

"அம்மா, மாமா எல்லாருக்கும் கைக்குள்ள சூரியன் இருக்கு!"

வரிசை

திங்கட்கிழமை காலை மதாம் லிசெற் கூப்பிட்டார். மேசையில் மூன்று சாமான்: பத்திரிகைப் படம், விருந்தினர் அபிப்பிராயக் காட், என்னுடைய வேலைப் பத்திரம். நான் உட்காரவில்லை. வெயில் காய்ந்த கதை, பொக்கற் பார்க்காத கதை, மூன்றாம் விதியை மதித்து முதலாம் விதியை மறந்த கதை எல்லாவற்றையும் என் பிரெஞ்சில் சொன்னேன். என் பிரெஞ்சு அவருக்கு விளங்கியது அன்று ஒரு நாள்தான்.

அவர் மனேஜரின் காட்டை எடுத்து வாசித்தார். "சலவை மிக நன்று. சட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சளுக்குக் குற்றம் உங்கள் வெயில்தான், எங்கள் ஊர் வெயிலென்றால் ஒரு மணித்தியாலத்தில் போயிருக்கும்" என்று எழுதியிருந்தது. காட்டை வைத்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"விடிய ஆறு மணிக்கு அன்ரன் வந்து தன்னுடைய பிழை என்றார். நீ உன்னுடைய பிழை என்கிறாய். இந்த மனேஜர் கனடா வெயிலின் பிழை என்கிறார். முப்பது வருடத்தில் முதல்முறையாக என் சலவை அறையில் ஒரு பிழைக்கு வரிசையில் ஆள் நிற்கிறது. வெயிலை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை, அன்ரனை நிறுத்தினால் எனக்குச் சாப்பாடில்லை, உன்னை நிறுத்தினால் இன்றைக்கு வந்த துவாயை யார் மடிப்பது? கையெழுத்துப் போடு."

ஆகவே சகோதரிகளே, இந்த நாட்டில் நிரந்தர வேலை எடுக்கப் படிப்போ பிரெஞ்சோ பதினொரு விதியோ தேவையில்லை, ஒரு பைக்கற் மஞ்சளும் புரளச் சொன்னால் புரளுகிற பன்னிரண்டு பேரும் இருந்தால் காணும்.