ராஜம்மா கையில் வெளிக்கேட்டுச் சாவி

அந்த மழைக்காலத்தில் எனக்கு ஜெபிக்கவே வாய் வரவில்லை. ராஜம்மா காணாமல் போயிருந்தார்.

எளாவூர் சோதனைச்சாவடியில் நிற்கும் லாரிகளின் ஓரமாகப் படுத்துக் கிடந்தவர் அவர். சொந்தமென்று யாரும் இல்லை. ஒரு லாரி கிளம்பினால் அடுத்த லாரியின் நிழலுக்கு நகர்வார். என்றாவது ஒரு சக்கரம் அவர்மேல் ஏறிவிடும் என்று பயந்தேன். எங்கள் சபைப் பெண்களாகிய நாங்கள் பல மாதம் பேசிப் பழகி, அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு லைன் வீட்டில் அறை பிடித்தோம். பாய், பாத்திரம், அடுப்பு வைத்தோம். பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டு வந்தோம்.

அங்கே குடியிருப்பவர்கள் எல்லாரும் கம்பெனி வேலைக்காரர்கள். காலையில் கடைசியாகக் கிளம்புகிறவர் வெளிக்கேட்டைப் பூட்டிப்போவது வழக்கம். மறுநாளும் பூட்டினார்கள். பகலெல்லாம் உள்ளே ஒரு மனுஷி இருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். மாலையில் கேட் திறந்ததும் ராஜம்மா போய்விட்டார்.

ரயில் நிலையத்தில் தேடினோம். பெரியபாளையம் கோயில் வாசல்வரை போய்ப் பார்த்தோம். எளாவூரிலும் இல்லை. மழை வலுத்தது. "கர்த்தாவே, நாங்கள் தோற்றுப்போனோம். நீர் அவரைக் கூட்டி வாரும்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுதபடியே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் செல்வி போன் செய்தாள். அதே லைன் வீட்டுப் பெண். எங்கள் சபை இல்லை. நெற்றியில் அம்மன் குங்குமம் வைக்கிறவள். கேட்டைப் பூட்டியது அவள்தான். வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியே எளாவூரில் ராஜம்மாவைப் பார்த்து, அங்கேயே இறங்கிவிட்டாளாம்.

நான் போனபோது எங்கும் வெண்மை. பனியா, தூறலா, தெரியவில்லை. லாரிகள் தரையைத் தொடாமல் நிற்பதுபோல இருந்தன. எஞ்சின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. ஒரு தார்ப்பாயின் கீழே இருவரும் டீ குடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"கதவு தொறக்கல. நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் ராஜம்மா.

"நீ ஒண்ணும் பண்ணல ஆயா. பகல்ல ஊட்ல ஆள் இருந்து எங்களுக்குப் பழக்கமில்ல," என்று சொல்லி, செல்வி தன் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது உன்னுதுதான். இனிமே நீதான் எங்கள உள்ள வுடணும்."

ராஜம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்தார். அந்த வெண்மைக்குள் அவர் எங்களுக்கு முன்னால் நடந்துபோனதை இப்போதும் கனவுபோல நினைக்கிறேன்.

நாங்கள் கேட்டது ஆளை. கர்த்தர் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். இன்று அந்தக் கேட் பகலில் பூட்டப்படுவதில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்களை, "எங்கடி சுத்திக்கினு வர இவ்ளோ நேரம்?" என்று ராஜம்மா அதட்டுகிறார். அதைக் கேட்க அவர்களுக்கும் பிடித்திருக்கிறது.

பிரியமானவர்களே, யாருக்காகவோ ஜெபித்துச் சோர்ந்திருக்கிறீர்களா? விடாதிருங்கள். நீங்கள் எண்ணிப் பார்க்காத ஒருவரை அவர் பாதிவழியில் பஸ்ஸை விட்டு இறங்கச் செய்வார்.