ஜெனோவாவுக்குப் பிறகு வந்த ஊர்கள்

நான் இத்தாலியக் கடற்கரையைப் பார்த்தவன். இதைச் சொன்னால் இப்போது வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பேத்தியின் சிநேகிதிகள் மாதத்துக்கு ஒருத்தியாவது அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நான் போன காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து ஐரோப்பா போய் வந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் டாக்டர்கள். நாகர்கோவிலும் நாங்களும் ஒரே ராஜ்யமாக இருந்த கடைசி வருஷங்கள் அவை.

கல்லூரியில் பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பூகோள சார் மலையாளி, இங்கிலாந்தில் படித்தவர். பல ஊர்க் கல்லூரி மாணவர்களைச் சேர்த்து, பம்பாயிலிருந்து கப்பலில் நேப்பிள்ஸ் வரை போய், அங்கிருந்து மேற்குக் கரையோரமாகவே ஜெனோவா வரை பஸ்ஸில் ஒரு சுற்றுலா ஏற்பாடாகியிருந்தது. ஜெனோவாவில் மறுபடி கப்பல். எங்கள் கல்லூரிக்கு ஆறு இடம். செலவு எங்கள் தலையில் விழாது. வீட்டில் சம்மதம் கிடைத்தால் போதும் என்றார் சார்.

பெயர் கொடுத்தவர்களில் நான் ஒருவன். அவள் ஒருத்தி.

வகுப்பில் ஐந்து பெண்கள்; தமிழ்ப்பெண் அவள் மட்டும்தான். நாகர்கோவில்காரி. அப்பா அங்கே வக்கீல். இங்கே கரமனையில் அக்கா வீட்டில் தங்கிப் படித்தாள். தேசப்படம் அவளுக்கு உள்ளங்கை மாதிரி. "கண்ணக் கட்டி விட்டாலும் நேப்பிள்ஸுலேருந்து ஜெனோவா வரைக்கும் ஒரு முனை விடாமச் சொல்லிருவேன். சாலைக் கடைத்தெருவுலதான் வழி தெரியாது" என்பாள். சும்மா சொல்லவில்லை. நாங்கள் மேலே தாளை வைத்து நகல் எடுக்கிற கரையை அவள் பார்க்காமலே வரைவாள். அந்தக் கரையை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவள் வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் கூடப் போனால் அவளும் போகலாம். ஆறு பேரில் தெரிந்த வீடு எங்கள் வீடுதான். எங்கள் அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆக, நான் போனால் அவள் போவாள்.

நானோ பெயரைக் கொடுத்துவிட்டு முடிவு செய்யாமல் இருந்தேன். கப்பல் கவிழ்வதில் தொடங்கிப் பல்வலி வரை, போனால் என்னென்ன கெடுதல் வரலாம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்ததில் பதினாறு தேறின. "உன் இஷ்டம்" என்று அப்பா சொல்லிவிட்டது பதினேழாவது. ஒரேயடியாகக் கூடாது என்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நூலகப் படியில் அவள் முதல் தடவை கேட்டாள். "வாறீயளா?"

"பாக்கலாம்."

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் கேட்டாள். "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீயளா?"

"வீட்டுல பேசணும்."

"உங்க வீட்டுல பேசியாச்சுன்னு எங்க அக்கா சொன்னாளே."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது. உருப்படியாக ஒன்றும் இருக்காது.

போகிற ஆட்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக சார் எங்கள் வகுப்பு முழுவதையும் நம்முடைய கரையோரமாகவே மூன்று நாள் கூட்டிக்கொண்டு போனார். கோவளம், விழிஞ்ஞம், பூவாறு, குளச்சல், முட்டம், கன்னியாகுமரி, திரும்பும்போது நாகர்கோவில். தமிழ்ப் பிள்ளைகளோடு பேசும்போது பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். "மூணு திவசம் ஒண்ணிச்சு இருக்கான் பற்றாத்தவங்கள ஞான் எந்தினா நேப்பிள்ஸுக்குக் கொண்டு போறது?" என்றார். மூன்று நாள் சேர்ந்திருக்க முடியாதவர்களை எதற்கு அவ்வளவு தூரம் கூட்டிப்போவது என்று அர்த்தம்.

பஸ் ஒவ்வொரு இடத்திலும் கிளம்புமுன் தலை எண்ணும் வேலை எனக்கு. ஆரியசாலைக்காரன், கணக்குத் தப்பாது என்று சார் நினைத்தார். எங்கள் அப்பா ஆரியசாலையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கர். நான் எண்ணக் கற்றதே அந்த மண்டியில்தான். அங்கே யாரும் 'ஒண்ணு' என்று தொடங்குவதில்லை. முதல் மூட்டை 'லாபம்', அடுத்தது 'ரெண்டு', பிறகு 'மூணு'. இன்னொரு முறையும் உண்டு. எண்ணிக்கொண்டிருப்பவன் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. முதலாளியே வந்து கேட்டாலும் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவான். இரு, முடித்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். முதலாளியும் நிற்பார். இந்த இரண்டும் உலகம் முழுக்க வழக்கம் என்றுதான் பத்தொன்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவளத்தில் முதல் தடவையாக, "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கியதும் பஸ்ஸே அதிர்ந்தது. கொல்லத்துப் பையன் ஒருவன், பருமனானவன், அன்று முன்ஸீட்டில் இருந்தான். அவனுக்கு ஏக குஷி. "கேட்டோடா, ஞான் லாபம்! நீயெல்லாம் வெறும் சரக்கு!" என்று கத்தினான். அதன் பிறகு முன்ஸீட்டுக்கு அடிபிடி. பின்னால் இருந்து ஒருவன், "கணக்கப்பிள்ளை, இவனைத் தராசுல நிறுத்தா ரெண்டு மூட்டை வரும்" என்றான். அவளும் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் எண்ணிக்கையை விடவில்லை. சாரையும் சேர்த்து இருபது.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளும் செம்மண்ணும். மற்றவர்கள் மேலே ஏறிப்போய்விட்டார்கள். அவள் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்தாள். நானும் கூட நடந்தேன்.

"இது நேப்பிள்ஸ்னு வச்சுக்கிடுங்க" என்று ஒரு பாறையைக் காட்டினாள். "கடல் எப்பவும் நமக்கு இடது கைப்பக்கம். அந்தா வள்ளம் கெடக்குல்லா, அது கயேத்தா. அங்க ஒரு முனை கடலுக்குள்ள போகும்."

"அந்த நாய் படுத்திருக்கே?"

"அது ரோமாபுரி. கரையில இல்ல. நாம அங்க எறங்கிப் போப்பாண்டவரப் பாத்துட்டு வரணும்."

நாயைத் தாண்டினோம், லிவோர்னோவைத் தாண்டினோம். ஜெனோவாவாக அவள் வைத்திருந்த தென்னை வந்ததும் நின்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சுற்றுலா அதோடு முடிகிறது. காற்றில் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள். இவளோடு போகத்தான் வேண்டும் என்று அந்தத் தென்னையடியில் முடிவு செய்துவிட்டேன். பதினேழு கெடுதலில் ஒன்றுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. உடனே சொல்லியிருக்கலாம். மேலிருந்து சார் விசில் ஊதினார். நாகர்கோவிலில் அவள் அப்பா வருவார், அவர் எதிரிலேயே சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கன்னியாகுமரியில் உருப்போட்டு வைத்தேன்.

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் காப்பிக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. கிளம்பும் நேரம். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பிள்ளைகள் கையில் வாழைக்காய் வறுவலோடு ஏறுகிறார்கள். நான் முன்னால் நின்று எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் இருந்தபோது அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"அப்பா வந்து நிக்காங்க. நான் என்ன சொல்லட்டும்? வாறீயளா, இல்லியா?"

நான் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினேன்.

பன்னிரண்டு. பதிமூன்று. அவள் அங்கேயே நின்றாள். பதினாலு. என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். பதினைந்து என்கிறபோது திரும்பிப் படியிறங்கிப் போனாள்.

அவள் இறங்கியதால் எண்ணிக்கை பத்தொன்பதில் நின்றது. யார் குறைகிறார்கள் என்று தெரியும். ஆனாலும் கணக்கு உதைத்தால் முதலிலிருந்து எண்ணுவதுதான் முறை. மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்கினேன். பாதியில் அவளே ஏறி வந்துவிட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"போகலேன்னு."

"நான் வாறேனே! முடிவு பண்ணியாச்சு."

"எப்ப?"

"முட்டத்துலயே."

"அப்ப முட்டத்துலயே சொல்லியிருக்கலாம்லா? இப்பக் கேட்டதுக்கு எதுக்குக் கையக் காட்டினீய?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன். இருன்னு அர்த்தம்."

"எங்க ஊருல அதுக்கு வேண்டாம்னு அர்த்தம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

நான் இறங்கி ஓடினேன். அவள் அப்பா குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தார். உருப்போட்ட வாக்கியத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டார். "நல்லது தம்பி. நல்லபடியாப் போய்ட்டு வாங்க. அவளே வேண்டாம்னுட்டா. பெண் பிள்ளை வேண்டாம்னு சொன்ன பொறவு நான் போன்னு தள்ள முடியுமா?" என்று சிரித்தார். இந்த வார்த்தைக்காகவே அவர் பல நாள் காத்திருந்த மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. "அவகிட்ட இன்னொரு தடவ கேளுங்க" என்று கெஞ்சினேன். ஹாரன் மறுபடி அடித்தது. அவர் என் முதுகில் தட்டிப் பஸ் பக்கம் திருப்பிவிட்டார்.

நானும் போகவில்லை என்று மறுநாள் அவளிடம் சொன்னேன். "அது வேற செய்வீயளா?" என்றாள். "போங்க. போய்ட்டு வந்து சொல்லணும். ஒரு ஊர் விடப்படாது."

அதனால் போனேன்.

இத்தாலியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத வருவது கொஞ்சம்தான். கயேத்தாவில் முனை அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வீடு குறுக்கே கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். எலுமிச்சை நம்முடைய நார்த்தங்காய் அளவு. கூட வந்த பம்பாய் மாணவர்கள் நன்றாகப் பாடினார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. எதைப் பார்த்தாலும் உடனே பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் கான்பூர்க்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். ஸ்பெசியாவில் பஸ்ஸை விட்டு ரயில் ஏறினோம். அங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. குகைக்குப் பின் குகை. இரண்டு குகைக்கு நடுவில் ஒரு கண நேரம் கடல் தெரியும், நீலம் என்று மனதில் பதிவதற்குள் மறுபடி இருட்டு. நாற்பது வரை எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். நானாக ஒன்றை எண்ணாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சென்னையில் என்ஜினீயர். தையில் முகூர்த்தம்.

கரமனைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். அவள் அக்கா காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் துணி தைக்க உட்கார்ந்தாள். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தேசப்படம் எதையும் எடுக்கவில்லை.

"நேப்பிள்ஸுலேருந்து சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு ஊர் முடிந்ததும் "பொறவு?" என்பாள். துணி காயப்போட்ட கயிற்றைச் சொன்னேன், எலுமிச்சையைச் சொன்னேன், கான்பூர்க்காரன் குறட்டையைச் சொன்னேன். அதற்கு நன்றாகச் சிரித்தாள். குகைகளைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். நான் எவ்வளவு மெதுவாகச் சொல்லியும் ரயில் ஜெனோவாவுக்கு வந்துவிட்டது. துறைமுகத்தையும் சொல்லியாகிவிட்டது. காப்பியும் முடிந்துவிட்டது. மழை மட்டும் விடவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"இல்ல. அதுக்குப் பொறவு சவோனா போனோம்."

அவள் கண்ணைத் திறந்தாள். "கப்பல் ஜெனோவாவுலல்லா?"

"கப்பல் வர நாளாகும்னு சொன்னாங்க. அதனால கரையோரமாவே இன்னும் கொஞ்ச தூரம் போனோம்."

அவளுக்கு அந்தக் கரை முழுவதும் தெரியும். நான் எந்தக் கப்பலில் என்றைக்கு ஏறினேன் என்பதும் தெரிந்திருக்கும். கல்லூரி முழுக்கத் தெரியும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு காலித் தம்ளரை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"சரி" என்றாள். "சவோனாவுல கடல் எப்படி இருந்துச்சு?"