ஒற்றுமை ஊர்வலத்தில் மூன்று தையல்

நனைந்த சாக்பீஸுக்கென்று ஒரு வாசனை உண்டு. கான்வாஸ் ஷூவில் அதைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை, மலைப்பக்கமிருந்து இறங்கும் சாரலில் அணிவகுத்து நடந்தால், பத்தாவது நிமிடம் ஷூ தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடும். மூக்கில் மட்டும் சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த நாற்றம் தங்கிவிடும். சுதந்திர தினம் என்றதும் மற்றவர்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் நினைவுக்கு வருமாம். எனக்கு அந்த நாற்றமும் சென்றாயன் மூஞ்சியும்தான் வரும்.

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்; சொன்னால் இரண்டு பள்ளிக்காரர்களும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், அதுவும் தனித்தனியாக. மேலப்பள்ளி, கீழப்பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கீழப்பள்ளி. எங்கள் வீட்டோடு ஒரே சுவரையும் ஒரே தெருக்குழாயையும் பங்குபோட்டுக்கொண்ட சென்றாயன் மேலப்பள்ளி. இருவரும் ஏழாம் வகுப்பு, இருவரும் அவரவர் பள்ளி பேண்டில் 'சைடு டிரம்', இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஊர்வலம் வருடாவருடம் மேலப்பள்ளி மைதானத்தில் புறப்பட்டு, கடைவீதி வழியாக இறங்கி, நகராட்சி அலுவலக வாசலில் முடியும். முன்னால் மேலப்பள்ளி, கடைசியில் நாங்கள். வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் ஸ்டூடியோக்காரர் ஏறி நிற்பார். கொடியேற்றம் ஒன்று, நகராட்சித் தலைவர் பேசுவது ஒன்று, ஊர்வலத்தின் முகப்பு ஒன்று, ஆக மூன்றே படம்; நாலாவது கேட்டால், "பிலிம் என்ன முல்லையாத்துத் தண்ணியாப்பா?" என்பார். நாங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது அவர் ஸ்டூலை விட்டு இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்த மூன்று படங்களும் சட்டம்போட்டு நகராட்சிச் சுவரில் மாட்டப்படும். அந்தச் சுவரைப் பார்க்கிற எவனும் ஊரில் ஒரே பள்ளிதான் இருந்தது என்று சத்தியம் செய்வான். ஸ்டூலுக்கு எதிரே யார் முதலில் வருகிறார்களோ அவர்களுடையதே வரலாறு என்பது பன்னிரண்டு வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பிற்பாடு படித்த தடித்தடியான புத்தகங்கள் எதுவும் அதை மறுக்கவில்லை. அந்தச் சுவரில் என் தலை ஏறவேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு லட்சியம் இருந்ததாக நினைவில்லை.

எங்கள் டிரில் வாத்தியார் தங்கையாவுக்கும் அதே லட்சியம்தான், ஆனால் அவருக்கு மூளையும் இருந்தது, அதுதான் சிக்கல். "ஊர்வலத்துக்கு ஒத்தத் தலைதான் இருக்கணும்னு எந்தச் சட்டத்துலலே எழுதியிருக்கு?" என்று கேட்டார். அந்த வருடம் நாங்கள் மேலப்பள்ளி மைதானத்துக்குப் போகப்போவதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டு, அதே நேரத்துக்கு ஸ்டூலுக்கு முன்னால் வந்து நிற்போம். அப்போது நாங்களும் முகப்பு. திட்டத்தில் ஒரு குறையும் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு முகப்பு வந்தால் என்ன ஆகும் என்று நூற்றுச்சொச்சம் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வாசல் நெருங்கியது. எதிரே மேலப்பள்ளி. அவர்களுடைய டிரில் வாத்தியார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் வாத்தியாரை முறைத்தார். எங்களவர் அவரை முறைத்தார். 'நில்' என்று யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் பள்ளி தோற்றது என்று இருவருக்கும் தெரியும், ஆகவே இருவரும் சொல்லவில்லை. சொல்லாததால் நாங்களும் நிற்கவில்லை. நேர் எதிரே சென்றாயன். "ஒதுங்குலே!" என்றான். நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. டிரம் குச்சியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் அதைப் பிடுங்கக் கை நீட்டினான். ஸ்டூடியோக்காரர் அந்த நேரம் பார்த்துச் சொடுக்கினார்.

அடுத்த நொடியில் நடந்தது எந்தப் படத்திலும் இல்லை. அவன் குச்சி என் டிரம் தோலைக் கிழித்தது, என் குச்சி அவன் புருவத்தைக் கிழித்தது, பின்னால் வந்தவர்கள் முன்னால் நடப்பது தெரியாமல் மகிழ்ச்சியாக மிதித்துக்கொண்டே வந்தார்கள். கொடியேற்ற வந்த தலைவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சென்றாயனுக்கு மூன்று தையல். மறுநாள் தெருக்குழாயில் அவன் அம்மா என் அம்மாவிடம், "ஒம் புள்ள கையில குச்சியக் குடுத்துவிட்டாகளே, அவுகளச் சொல்லணும்" என்றார். என் அம்மா, "ஒம் புள்ள மூஞ்சிய எதுக்கு அங்கன கொண்டாந்து நீட்டுனான் ஆத்தா?" என்றார். அத்தோடு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்கத் தனித்தனி நேரம் என்றாகிவிட்டது. அந்த வருடப் படத்தைச் சுவரில் மாட்டக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். தலை படத்தில் ஏறியது, சுவரில் ஏறவில்லை.

நாற்பது வருடம் கழித்து, ஸ்டூடியோக்காரரின் மகன் கடையைக் காலிசெய்தபோது அந்த நெகட்டிவ் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பழம்பெருமை பேசும் வாட்ஸாப் குழு ஒன்று அதைப் பெரிதாக்கி, கல்யாண மண்டபத்தில் நடத்திய பழைய புகைப்படக் கண்காட்சியில் நடுநாயகமாக வைத்தது. கீழே எழுதியிருந்தது: "இரு பள்ளிகளும் கைகோத்த ஒற்றுமை ஊர்வலம். தன் டிரம் குச்சியை நண்பனுக்கு வழங்கும் சிறுவன்." குழுவில் கைகூப்பிகள் குவிந்தன. 'அந்தக் காலத்துல மனுசனுக்கு மனுசன் என்ன பாசம்!' என்று எழுதியவர் அன்று எங்களுக்குப் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. பிற்காலத்தில் மேலதிகாரி, வீட்டுக்காரர், மின்வாரியம் என்று எல்லோரிடமும் பணிந்துபோன ஆள் நான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயலை நன்கொடையாக்கிவிட்டார்கள். திருத்தியே தீருவதென்று மண்டபத்துக்குப் போனேன். அங்கே, பொறுப்பிலிருந்த கல்லூரிப் பெண்ணிடம், ஏலக்காய் வாசனையோடு ஒரு தொந்திக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "வழங்குறானாம்மா? மூணு தையலும்மா இது!" என்று புருவத்தைக் காட்டினார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சென்றாயன். என்னைப் பார்த்ததும், "இந்தா, வழங்குனவரே வந்துட்டாக" என்றான். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு அவனை அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அவனும் இந்த ஒரு விஷயத்தில் என்னோடு உடன்படுகிறான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சரியா எழுதிக் குடுங்க சார், இப்பவே மாத்தி ஒட்டிருறேன்" என்றாள் அந்தப் பெண். உட்கார்ந்தோம். 'இது ஒற்றுமை ஊர்வலம் அல்ல, சண்டை' என்ற முதல் வரியை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். இரண்டாவது வரியில், ஆரம்பித்தது யார் என்று எழுதவேண்டியிருந்தது.

"மொதல்ல குச்சிய நீட்டுனது நீ."

"மொதல்ல ஒதுங்குன்னது நீ."

"எங்க தெருவுல வந்துட்டு..."

"தெரு ஒங்கப்பன் போட்டதா?"

மதியச் சாப்பாட்டுக்கு மண்டபத்தைப் பூட்டுகிறவரை எழுதினோம், அடித்தோம், எழுதினோம். பிறகு அவன் வடக்கே போனான், நான் தெற்கே வந்தேன்.

இப்போது ஊரில் ஊர்வலமே இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன் மதிலுக்குள் கொடியேற்றிக்கொண்டு, தன்னைத்தானே செல்போனில் ஆயிரம் படம் எடுத்துக்கொள்கிறது. எல்லோரும் முகப்பு, எதிரே யாரும் வருவதில்லை. எங்கள் படத்தை நூலகச் சுவரில் மாட்டிவிட்டார்கள். நானும் சென்றாயனும் இரண்டாவது வரிக்கு இன்னும் ஒத்துவராததால், படத்தின் கீழே ஒற்றுமை அப்படியே இருக்கிறது.