புட்டுக்கு ஏது ரசீது?

என் கணவர் லொறி ஓட்டுகிறார். வழியில் வாங்கும் சாப்பாட்டுச் செலவைக் காட்டி, சம்பளத்தில் கட்டிய வரியில் கொஞ்சம் திரும்ப எடுக்கலாம் என்று சொல்லி ஒரு வரி முகவர் லண்டன் லூயிஷாமில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எல்லா நாளும் கடைச்சாப்பாடு எண்டு போடுவம். ரசீது ஒருத்தரும் கேக்கமாட்டினம்," என்றார். கணவர் கையெழுத்திடப் பேனாவை எடுத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, அப்ப நான் விடியக் கட்டித் தாற புட்டு எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த முகவரை நம்பிக் கையெழுத்திட்ட கணவரின் நண்பரிடம் பிறகு வரி அலுவலகம் ரசீதுகளைக் கேட்டது. வாங்கிய பணத்தை அபராதத்தோடு திருப்பிக் கட்டினார். அவர் அழைத்தபோதெல்லாம் முகவரின் தொலைபேசி எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது கணவர் வெளியூரில் தங்கும்போது உண்மையில் வாங்கிய சாப்பாட்டுக்கு மட்டும், ரசீதோடு, நாங்களே விண்ணப்பிக்கிறோம். சின்னத் தொகைதான். ஆனால் கதவடியில் தபால் விழும் சத்தத்துக்கு, வரி அலுவலகக் கடிதமோ என்று நெஞ்சு பதறுவதில்லை.