மூடுபனியில் இறக்கிய வில்

ஏற்காட்டில் காபித்தூள் கடை வைத்திருக்கும் எனக்கு நாற்பத்தாறு வயதில் வில் பிடிக்கும் ஆசை வந்ததற்குக் காரணம் இரண்டு சக்கரங்கள். தூள் வாங்க வந்த ஒரு பெண், தோளில் மாட்டியிருந்த நீளப் பையைத் திறந்து காட்டினாள். வில்லின் இரு முனைகளிலும் சின்னச் சக்கரங்கள். வில்லுக்கு எதற்குச் சக்கரம்? அன்று எனக்கு வியாபாரத்தில் புத்தியே போகவில்லை.

அவள் சேலத்துக்காரி, என்னைவிட இருபது வயது இளையவள். வாழவந்திப் பக்கம் ஒரு எஸ்டேட் ஓரத்துப் புல்வெளியில் ஞாயிறுதோறும் இந்தச் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் கற்றுத்தந்தாள். "வந்து இழுத்துப் பாருங்கக்கா, தெரியும்" என்றாள். போனேன்.

தொடக்கத்தில் கிணற்றிலிருந்து நிறைகுடம் இழுப்பதுபோல் கனத்தது. பாதிக்கு மேல் வந்ததும் யாரோ அடியில் கை கொடுத்துத் தாங்கியதுபோல் லேசாகிவிட்டது. சக்கரம் திரும்பி, பாரத்தைத் தான் வாங்கிக்கொள்கிறதாம். முழுதாக இழுத்த வில்லை அப்படியே பிடித்துக்கொண்டு நிதானமாகக் குறிபார்க்கலாம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அம்பு மாட்டாம நாணை விட்டுறாதீங்க, வில்லு ஒடஞ்சு மூஞ்சில அடிக்கும். குறி பாக்கற வரைக்கும் விசையில வெரலு வைக்காதீங்க." மணிக்கட்டில் கட்டிய ஒரு கொக்கிதான் நாணைப் பிடித்திருக்கும், அதன் விசையைத் தொட்டால் அம்பு போய்விடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு விதிதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. மூடுபனி வந்து இலக்குக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் போனால் எய்யக்கூடாது.

மூடுபனியை நாங்கள் மஞ்சு என்போம். மஞ்சுக்குப் பயந்தால் இங்கே உலை வைக்க முடியாது. அதற்குள்தான் வண்டி ஓட்டுகிறோம், காபிப் பழம் பறிக்கிறோம், துணிகூடக் காயப்போடுகிறோம். அவளோ மூன்று வாரமும் பாதியிலேயே நிறுத்தினாள். நான் எடுத்தேன் கவிழ்த்தேன் ரகம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தேன். "துளியூண்டு மஞ்சு எறங்குனாப் போதுமுங்க, வில்லைக் கீழ வைன்னுடறா. இதென்ன வித்தைங்க?"

நான்காம் ஞாயிறு, ஐந்து அம்பும் நடுவட்டத்தில் விழுந்தால் தூரத்தைக் கூட்டுவதாகச் சொல்லியிருந்தாள். நான்கு விழுந்தாயிற்று. ஐந்தாவதை முழுதாக இழுத்துப் பிடித்தபோது பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்தது. நடுவட்டம் தெரிந்தது, பின்னாலிருந்த காபிச் செடிகள் தெரியவில்லை.

"எறக்குங்கக்கா."

"வட்டம் தெரியுது கண்ணு."

"பின்னாடி தெரியலையே. எறக்குங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. விரலை விசையில் வைத்தால் போதும். வைக்கவும் போனேன். ஏன் வைக்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். குரலை உயர்த்தாமல் மூன்றாவது முறையும் அவள் அதையே சொன்னாள், அதனால்தான் இருக்கும். முணுமுணுத்துக்கொண்டே, வில்லை இலக்கின் பக்கமே வைத்து நாணை மெல்லத் தளர்த்தினேன். போயிருந்த கனமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து தோளை இழுத்தது.

அம்பைக் கழற்றி முடிக்கவில்லை, இலக்குக்குப் பின்னாலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நடந்து வந்தாள். பக்கத்து எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். என் கடையில் வாராவாரம் தூள் வாங்குகிறவள்.

பயத்தை மறைக்க அவள்மீதே பாய்ந்தேன். "இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்குதில்ல? கண்ணு தெரியலையா?"

அவள் புல்லுக்கட்டை ஒரு கையால் சரிசெய்துகொண்டாள்.

"தெரியுமுங்கக்கா. மத்த நேரமெல்லாம் சுத்திக்கிட்டுத்தானுங்க போறேன். மஞ்சு எறங்குனா வில்லைக் கீழ வெச்சுருவாங்கன்னு நீங்கதானுங்களே கடையில சொன்னீங்க? அதான் தைரியமா குறுக்கால ஊட்டுக்குப் போறேன்."

வில் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.