டார்ச் அடித்து ஆமை காட்டியவர்

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை சேல்ஸ்மேன். பதினெட்டு வருஷமாகப் புடவை விரிக்கிறார். செவிலிமேட்டு வீட்டில் தான் தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், தை மாசத்திலிருந்து கடலாமையைக் காப்பாற்றுகிறார். கல்யாண சீசனில் சனி, ஞாயிறு லீவு கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாலும் மகராசனுக்கு உறைக்கவில்லை. முதுகில் ‘ஆமைக் காவலன்’ என்று அச்சடித்த பச்சை டீ-ஷர்ட். அதைத் துவைப்பது யார்? நான்தான்.

அப்படி என்னதான் கிழிக்கிறார் என்று பார்க்க, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். அங்கே ஆமை முட்டைகளை மணலில் புதைத்து, சுற்றி வலை கட்டிக் காவல் இருப்பவர் துரைக்கண்ணு.

“நாப்பத்தெட்டு நாளா நாய் அண்டாம பாத்துக்கினு இருக்கேன்மா. இன்னிக்கு எல்லாம் தண்ணியத் தொட்டுட்டா போதும்,” என்றார். பிறகு வந்திருந்த எல்லாரையும் பார்த்து, “யாரும் லைட் போடக் கூடாது. குஞ்சுங்க வெளிச்சம் இருக்குற பக்கந்தான் போவும்,” என்று இரண்டு தடவை சொன்னார். எங்கள் காவலன் பெரிதாகத் தலையாட்டினார்.

பொழுது சாய்ந்ததும் குஞ்சுகளைக் கூடையிலிருந்து மணலில் விட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. தத்தித் தத்திக் கடலைப் பார்த்து நடந்தன. கூட்டத்தை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் வேடிக்கை பார்த்த ஒரு சென்னைக்கார அம்மா, “சரியாத் தெரியலையே,” என்றாள்.

போச்சு. கடையில் இந்த வார்த்தையைக் கேட்டால் சரிகையில் டார்ச் அடித்துக் காட்டுகிற கை அது. சும்மா இருக்குமா? செல்போன் வெளியே வந்தது. “லைட்ல பாருங்க மேடம்! ஓட்டு மேல எப்படி மினுக்குது பாருங்க!”

அத்தனை குஞ்சும் அப்படியே திரும்பின. கடலுக்கு முதுகைக் காட்டி, நாய்கள் நிற்கும் ரோட்டுப் பக்கம் நடந்தன.

“யோவ், அணைய்யா!” துரைக்கண்ணு கத்தினார்.

இவருக்கோ வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, என்னைத் தேடி வருதுங்க!”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். புடவையோடு முழங்கால் தண்ணீரில் நின்று வெளிச்சத்தைக் கரைப் பக்கம் காட்டினேன். குஞ்சுகள் நின்றன. மெல்லத் திரும்பின. ஒவ்வொன்றாக என் காலை உரசிக்கொண்டு அலைக்குள் போயின. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. அதை நாய் கவ்விக்கொண்டு போயிருந்தது. துரைக்கண்ணு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இவர் ஒரே புலம்பல். குஞ்சுக்காக இல்லை, போனில் உப்புத் தண்ணீர் போய்விட்டதாம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் துரைக்கண்ணு கூப்பிட்டார். “இன்னொரு கூடு பொரிஞ்சிருக்குதும்மா. நீ மட்டும் வா. அவரு கடையிலயே இருக்கட்டும்.”

பச்சை டீ-ஷர்ட்டை எடுத்துப் புடவை ஜாக்கெட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டேன்.

“ஏய், சாப்பாடு எங்க இருக்குது?” என்றார் காவலன்.

“டார்ச் அடிச்சுத் தேடுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.