எர்த் எங்கே?

காதில் மாட்டிப் பாட்டு கேட்கும் காது ஒயரின் ஜாக்கில் மூன்றே இடம்: நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான எர்த். எது எதுவென்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஈயம் வைத்தால் என்னவெல்லாம் ஆகும் என்பதை, அம்பத்தூரில் சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான் பார்த்துவிட்டேன். இதே தொழிலில் இருப்பவர்களே, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சட்டை இல்லாத ஒயர்

திருவேற்காட்டு ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது என்று காது ஒயரோடு வந்தார். ஜாக்கை அவரே மாற்றியிருந்தார். உறையைக் கழற்றியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்பும் வெள்ளையும் அழகாகப் பற்றவைத்திருக்க, எர்த்துக்குப் போகவேண்டிய வெறும் செப்பு ஒயரை ஒட்ட நறுக்கியிருந்தார். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மேல சட்டையே இல்லாம கெடந்துச்சு அண்ணாத்தே, வேலைக்கு ஆவாதுன்னு நெனச்சேன்."

சிவப்பு

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஃபாக்டரி ஊழியர் அறுந்த காது ஒயரைக் கொண்டுவந்தார். சிவப்பு வலது காது என்று நாம் எல்லோரும் சொல்வோம். பழைய ஜாக்கில் ஒட்டியிருந்த துண்டை, இணைப்பு இருந்தால் கூவும் மீட்டரால் தொட்டேன். சிவப்பு அடிப்பாகத்தில் கூவியது. நம்பாமல் மறுபடி தொட்டேன், மறுபடி கூவியது. செய்தவர்கள் எர்த்துக்கே சிவப்பைப் போட்டிருக்கிறார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க ஃபாக்டரில சிவப்புன்னா நில்லுன்னு அர்த்தம் சார். உங்க தொழில்ல அதுக்கு அர்த்தமே கெடையாதா?"

பதில் வராத நிக்காஹ்

பூந்தமல்லியில் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு துபாயில் லீவு கிடைக்காததால் போனிலேயே சம்மதம் கேட்க ஏற்பாடு. போனிலிருந்து மைக் செட்டுக்குப் போகும் ஒயரைப் பெண்ணின் தாய்மாமன் தானே செய்திருந்தார். முதலில் அதே ஒயர் வழியாகப் பாட்டு போட்டார்கள், ஏதோ மெலிசாக வந்தது. யாரும் சந்தேகப்படவில்லை.

நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் போனைப் பார்த்து, "சம்மதமா?" என்றார். மைக் செட் பெட்டியில் சத்தமே இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. மாப்பிள்ளை மனம் மாறிவிட்டார் என்றே மண்டபம் முழுக்க நினைத்தது. விருந்தாளியாகக் கடைசி வரிசையில் இருந்த எனக்கு ஒயரில்தான் கோளாறு என்று பட்டாலும், அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "ஜாக்கைப் பிடுங்கி போன் ஸ்பீக்கர்ல போடச் சொல்லுங்க" என்றேன். அவர் எழுந்து கத்தினார். தாய்மாமன் பிடுங்கினார்.

"சம்மதம், சம்மதம்னு எவ்ளோ வாட்டி சொல்றது? அங்க யாரும் இல்லியா?" என்றது போன்.

பிறகு ஜாக்கைத் திறந்து பார்த்தேன். நுனியை மைக் செட்டின் ஒரு முனைக்கும் வளையத்தை மறுமுனைக்கும் கொடுத்து, எர்த்தை விட்டிருந்தார். போன் பேச்சு இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவதால், ஒன்றை ஒன்று அடித்துத் தின்றுவிட்டது. பாட்டில் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் கொஞ்சம் மிஞ்சியது. பாய் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீ ஒரு ஒயரத்தான் வுட்ட மச்சான், நான் மாப்ளையவே வுட்டிருப்பேன்."

அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் நான் ஜாக்கைத்தான் பார்க்கிறேன்.